கைக்கெட்டும் தூரத்தில் புத்தகம்

ரீல்ஸ் பார்ப்பதைக் குறைக்க வேண்டும் என்று வீட்டுக்கு வீடு பேச்சு நடக்கிறது. குறைத்து மிச்சமாகும் நேரத்தை எதைக் கொண்டு நிரப்புவது என்று முடிவு செய்யாதவரை, அந்தப் பேச்சு பேச்சாகவே நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. சலூன் நாற்காலியில் ஒருவர், சுவரோரப் பெஞ்சில் ஐந்து பேர். ஐந்து கைகளிலும் செல்போன். ஐந்து கட்டைவிரல்களும் கீழிருந்து மேலே தள்ளிக்கொண்டே இருக்கின்றன. ஒரு திரையில் பிரியாணி கொதிக்கிறது. இன்னொன்றில் அரசியல் தலைவர் ஒருவரின் பேச்சிலிருந்து வெட்டியெடுத்த இரண்டு வாக்கியம். மூன்றாவதில் பல்லவியோடு நின்றுபோகும் பாட்டு. "அடுத்து யாருண்ணே?" என்று கடைக்காரர் இரண்டு தடவை கேட்ட பிறகுதான் ஒரு தலை நிமிர்கிறது. தமிழ்நாட்டில் எந்த ஊர்க் கடைக்குள் நுழைந்தாலும் இன்று இதைக் காணலாம்.

தூத்துக்குடியில் ஒரு சலூன் மட்டும் வேறு மாதிரி. காத்திருப்பவர்கள் உட்காரும் இடத்தை ஒட்டியே அங்கே புத்தக அடுக்குகள் இருக்கின்றன. எட்டாம் வகுப்போடு பள்ளிப் படிப்பை நிறுத்த நேர்ந்த கடைக்காரர், தன் வருமானத்திலிருந்து வாங்கிச் சேர்த்த நூல்கள் அவை. புத்தகத்தை எடுத்துப் படிக்கும் வாடிக்கையாளருக்குக் கட்டணத்தில் சலுகையும் கொடுத்தார். 2020 அக்டோபரில் பிரதமரின் 'மனதின் குரல்' வானொலி நிகழ்ச்சியில் இந்தக் கடை இடம்பெற்றபோது நாடே அதைப் பாராட்டியது. ஒரு நல்ல மனிதரின் நற்செயல் என்பதோடு அந்தப் பாராட்டு முடிந்துவிட்டது. அதற்குள் இருக்கும் பாடத்தைப் பலர் கவனிக்கவில்லை. அவர் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. காத்திருப்பவர் சும்மா இருக்கும் இருபது நிமிடத்தில் அவருடைய கை முதலில் எதைத் தொடுகிறதோ, அதைக் கடைக்காரர் மாற்றினார். செல்போன் மோகத்திலிருந்து விடுபட நாம் நடத்தும் போராட்டத்தில் பெரும்பாலும் விடுபட்டுப்போவது இந்த ஒன்றுதான். மனவுறுதியைப் பற்றி நிறையப் பேசுகிறோம். கை எட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதில்லை.

அடிப்பகுதி இல்லாத பக்கம்

இணையப் பக்கங்களுக்கு ஒரு காலத்தில் அடிப்பகுதி இருந்தது. கடைசி வரிக்கு வந்தால் அடுத்த பக்க எண்ணை அழுத்த வேண்டும். 'இன்னும் வேண்டுமா, இது போதுமா' என்று மனம் கேட்டுக்கொள்ள அந்த ஒரு கணம் இடம் கொடுத்தது. 2006-ல் ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் உருவாக்கிய முடிவில்லாத ஸ்க்ரோல், அந்தக் கணத்தை எடுத்துவிட்டது. பிற்காலத்தில் அதற்காக அவரே வெளிப்படையாக வருந்தினார். இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. அடுத்து வரப்போகும் காணொளி சிரிக்க வைக்குமா, சலிக்க வைக்குமா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பரிசு எப்போது கிடைக்கும் என்று தெரியாத நிலையில்தான் ஓர் உயிர் ஒரே செயலை விடாமல் செய்துகொண்டிருக்கும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் சென்ற நூற்றாண்டிலேயே புறாக்களை வைத்துக் காட்டிவிட்டார். சூதாட்ட இயந்திரங்களின் முன் மனிதர்கள் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பதும் இதே காரணத்தால்தான். ஆகவே, நள்ளிரவு வரை ரீல்ஸ் பார்த்துவிட்டு மறுநாள் தன்னையே நொந்துகொள்ளும் கல்லூரி மாணவியைப் பலவீனமானவர் என்று சொல்வது நியாயமல்ல. தேர்ந்த பொறியாளர்கள் பலர் சேர்ந்து உருவாக்கிய ஓர் அமைப்பை எதிர்த்து அவர் தனியாக நிற்கிறார்.

■ பெட்டிச் செய்தி: திரை நம் கைக்கு வந்த வழி

- 2006: முடிவில்லாத ஸ்க்ரோல் உருவாகிறது. அதே ஆண்டில் ஃபேஸ்புக்கில் நியூஸ் ஃபீட் வருகிறது.
- 2009: ஃபேஸ்புக்கில் 'லைக்' பொத்தான்.
- செப்டம்பர் 2016: ஜியோ சேவை தொடக்கம். இந்தியாவில் டேட்டா விலை சரிகிறது.
- ஜூன் 2020: டிக்டாக் செயலிக்கு இந்தியாவில் தடை.
- ஜூலை 2020: இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் இந்தியாவுக்கு வருகிறது. இரண்டே மாதத்தில் யூடியூப் ஷார்ட்ஸ் தன் முதல் சோதனையை இந்தியாவில் தொடங்குகிறது.
- மே 2023: சமூக ஊடகமும் இளையோர் மனநலமும் குறித்து அமெரிக்க சர்ஜன் ஜெனரல் விவேக் மூர்த்தியின் எச்சரிக்கை அறிக்கை.
- டிசம்பர் 2025: 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் சட்டம் ஆஸ்திரேலியாவில் நடைமுறைக்கு வருகிறது.

குறைவது நேரம் மட்டுமல்ல

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தைச் சேர்ந்த குளோரியா மார்க், திரையின் முன் உட்காருபவர்களின் கவனத்தை இருபது ஆண்டுகளாக அளந்து வருகிறார். 2004-ல் ஒருவர் ஒரே திரையில் சராசரியாக இரண்டரை நிமிடம் நிலைத்திருந்தார். பிந்தைய ஆண்டுகளில் அது சுமார் 47 வினாடியாகச் சுருங்கிவிட்டது. அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் அதிகமானோரின் நேரக் கணக்கை ஆராய்ந்து 2025-ல் வெளியான ஆய்வு இன்னொரு சரிவைக் காட்டுகிறது. ஒரு நாளில் மகிழ்ச்சிக்காக எதையாவது வாசித்தவர்கள் 2004-ல் 28 சதவீதம். 2023-ல் 16 சதவீதம். இந்தச் சரிவுக்கு முழுக்கச் செல்போனே காரணம் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. வேலைப் பளு, வருமான ஏற்றத்தாழ்வு, நூலக வசதி எல்லாமே இதில் சேரும். ஆனாலும் இரண்டு சரிவுகளும் ஒரே காலத்தில் நிகழ்ந்திருப்பதை அலட்சியப்படுத்த முடியாது.

வாசிப்பு நரம்பியலாளர் மரியான் வுல்ஃப் அடிப்படையான ஓர் உண்மையை வலியுறுத்துகிறார். பேச்சு மனிதனுக்கு இயல்பாகவே வரும். வாசிப்பு அப்படி வராது. எழுத்து தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளைச் சற்றே தாண்டியிருக்கிறது. அதற்கென்று தனி உறுப்பு எதுவும் மூளையில் பிறவியிலேயே அமைவதில்லை. பார்வைக்கும் மொழிக்கும் உரிய பகுதிகளை இணைத்து, ஒவ்வொரு குழந்தையின் மூளையும் அந்தப் பாதையைப் புதிதாக அமைத்துக்கொள்ள வேண்டும். வாசிக்க வாசிக்க அது வலுப்படும். நுனிப்புல் மேய்ந்தே பழகினால் ஆழ்ந்து வாசிக்கும் திறன் மங்கும். நன்றாகப் படித்தவர்களுக்கும் இது பொருந்தும். ஒரு காலத்தில் நாவல்களை இரவோடிரவாக முடித்த பலர், இப்போது நாலாவது பக்கத்திலேயே கை போனைத் தேடுகிறது என்று சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதன் விளைவு இலக்கியத்தோடு நின்றுவிடுவதில்லை. வீட்டுக் கடன் ஒப்பந்தம், மருத்துவக் காப்பீட்டின் நிபந்தனைகள், நில ஆவணம், பிள்ளையின் கல்லூரிச் சேர்க்கை விதிகள், தேர்தல் அறிக்கை, நீதிமன்றத் தீர்ப்பு என்று நம் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் எதுவும் முப்பது வினாடிக் காணொளியாக வருவதில்லை. எல்லாமே நீண்ட உரைகள். ஒரு வாக்கியத்தை முந்தைய வாக்கியத்தோடு பொருத்திப் பார்த்து, 'ஆனால்', 'தவிர', 'எனினும்' என்ற சொற்களில் நின்று நிதானித்துப் படிக்க வேண்டியவை. அந்தப் பொறுமை போய்விட்டால், படித்தவராக இருந்தாலும் அடுத்தவர் சொல்லும் சுருக்கத்தை நம்பியே வாழ வேண்டியிருக்கும். அந்த அடுத்தவர் தரகராக இருக்கலாம், கட்சிக்காரராக இருக்கலாம், வாட்ஸ்அப்பில் வந்த முகம் தெரியாத குரலாகவும் இருக்கலாம். எழுத்தறிவு பெற்ற ஒரு சமூகம் மறுபடியும் பிறர் வாய் பார்த்து நிற்பதை ஏற்க முடியாது. எழுத்தறிவுக்காகத் தமிழ்நாடு தலைமுறைகளாக உழைத்திருக்கிறது.

விட்டுவிட்டால் போதுமா?

செயலியை அழித்துவிடு, போனை வேறு அறையில் வை, ஒரு வாரம் விரதம் இரு. வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரைகள் இவை. இவற்றால் பலன் உண்டா என்று கேட்டால், ஓரளவு உண்டு. 2018-ல் அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலுக்கு முன்பு, ஸ்டான்ஃபோர்டு, நியூயார்க் பல்கலைக்கழகங்களின் பொருளாதார அறிஞர்கள் ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். ஃபேஸ்புக் பயன்படுத்துவோரில் ஒரு பகுதியினருக்குப் பணம் கொடுத்து, நான்கு வாரம் கணக்கை முடக்கி வைக்கச் சொன்னார்கள். நாளொன்றுக்குச் சுமார் ஒரு மணி நேரம் அவர்களுக்கு மிச்சமானது. மனநிலை சற்றே மேம்பட்டது. அரசியல் கருத்துப் பிளவு சற்றுக் குறைந்தது. அன்றாடச் செய்தி அறிவு குறைந்தது. சோதனை முடிந்த பிறகும் அவர்கள் முன்பைவிடக் குறைவாகவே ஃபேஸ்புக்கில் நேரம் செலவிட்டார்கள்.

மிச்சமான அந்த நேரம் எங்கே போனது என்பதுதான் முக்கியம். குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருக்கும் நேரம் கூடியது, அது நல்லது. கூடவே, தனியாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கும் நேரமும் கூடியது. வெறுமையான நேரம் தானாகப் புத்தகத்தைத் தேடிப் போவதில்லை; அருகில், சுலபமாக, பழகியதாக எது இருக்கிறதோ அதனிடமே போகிறது. ஆகவே 'குறைப்பது' என்பதைத் தனி இலக்காக வைத்துக்கொண்டால் அது பாதி வேலைதான். அந்த இடத்தில் இன்னொரு பழக்கத்தை வேரூன்ற வைப்பது மீதிப் பாதி. கடினமான பாதியும் அதுதான்.

வாசிப்பு குடியிருந்த இடங்கள்

தமிழ்நாட்டில் பொதுமக்கள் வாசித்த வரலாற்றைப் பார்த்தால், அது மனவுறுதியின் வரலாறாக இல்லை. இடங்களின் வரலாறாக இருக்கிறது. 1942-ல் மதுரையில் சி.பா. ஆதித்தனார் தொடங்கிய 'தினத்தந்தி' எளிய தமிழில் எழுதி டீக்கடைப் பெஞ்சுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரே நாளிதழ் தாள் தாளாகப் பிரிந்து நாலு பேர் கைக்குப் போகும். எழுத்துக்கூட்டக்கூட வராதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் வாசித்துச் சொல்வார். திராவிட இயக்கமும் பொதுவுடைமை இயக்கமும் தெருமுனைகளில் படிப்பகங்கள் வைத்தன. சலூன்களில் வார இதழ்கள் கிடந்தன. நகரத்துத் தெருக்களில் வாடகை நூலகங்கள் இருந்தன. 'பொன்னியின் செல்வன்' நாவல் 1950 முதல் 1954 வரை வாரத் தொடராகத்தான் குடும்பங்களுக்குள் நுழைந்தது. அந்த வாரப் பகுதி முடிந்தால் அடுத்ததற்கு ஒரு வாரம் காத்திருக்க வேண்டும். அந்த வாரம் முழுவதும் கதையைப் பற்றிய பேச்சு நடக்கும். காத்திருக்கும் நேரம், பயண நேரம், மதிய ஓய்வு என்று நாளின் இடைவெளிகளில் அச்செழுத்து குடியிருந்தது. செல்போன் கைப்பற்றியது அதே இடைவெளிகளைத்தான்.

இடத்தின் அருமையை உணர்ந்து ஒரு துறையையே கட்டியெழுப்பியவர் நம் மண்ணில் பிறந்தவர். சீர்காழியில் 1892-ல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்தபோது 1931-ல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. அதை விளக்கும்போது அவர் வாசகரின் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. நூலகம் ஊரின் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணி நேரம் திறந்திருக்க வேண்டும், அலமாரி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்று பேசினார். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாக அனுப்பினார். நூலகத்துக்கு வர முடியாதவரிடம் நூலகமே போனது. ரங்கநாதனின் நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. இன்றைய செயலிகள் நேர் எதிரான விதியில் இயங்குகின்றன. பார்ப்பவர் எவ்வளவு நேரம் தங்குகிறார் என்பதே அவற்றின் வருமானம். இரண்டு வடிவமைப்புகளில் எது நம் மரியாதைக்கு உரியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வசதியில் மட்டும் இரண்டாவது முந்திக்கொண்டுவிட்டது. அந்த வசதியை வாசிப்புக்கும் கொடுப்பதே இன்றைய வேலை.

முதல் இரண்டு மாதம்

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். ஏற்கெனவே அன்றாடம் நடக்கும் ஒரு செயலோடு, உதாரணமாகக் காலைச் சாப்பாட்டோடு, புதிய பழக்கம் ஒன்றைக் கோத்துக்கொள்ளச் சொன்னார்கள். அது தன்னியல்பாக நடக்கும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிய பாதிப்பை ஏற்படுத்தவில்லை. 21 நாளில் எல்லாம் மாறிவிடும் என்று நம்பித் தொடங்கி, இருபத்திரண்டாம் நாள் தன்னைத் தோற்றவராக எண்ணிக் கைவிடுபவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இது. மாற்றம் மெதுவாக வரும். தவறிய நாள் தோல்வியல்ல. எந்த நேரத்தோடு கோக்கிறோம் என்பதே முக்கியம்.

■ பெட்டிச் செய்தி: தொடங்க விரும்புவோருக்கு

- ஒரே ஒரு நேரம்: காலை காபி, பேருந்துப் பயணம், இரவுப் படுக்கை. இவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து அதோடு வாசிப்பைக் கோத்துவிடுங்கள்.
- இட மாற்றம்: சார்ஜரைப் படுக்கையறைக்கு வெளியே வையுங்கள். தலையணை அருகே புத்தகம் இருக்கட்டும்.
- பத்துப் பக்கம்: நாளுக்கு 10 பக்கம் என்றால் ஆண்டுக்கு 3,650 பக்கம். 200 பக்க நூல்கள் 18 முடிந்துவிடும்.
- பிடித்ததில் தொடங்குங்கள்: துப்பறியும் கதை, சமையல், கிரிக்கெட், வரலாறு எதுவானாலும் சரி. பிடிக்காத நூலைப் பாதியில் வைத்துவிடலாம்.
- செலவில்லாமல்: மதுரைத் திட்டம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் நிறுவனத்தின் இணையதளம் ஆகியவற்றில் ஆயிரக்கணக்கான நூல்களை இலவசமாகப் படிக்கலாம்.

எழும் கேள்விகள்

போனிலும் வாசிக்கத்தானே செய்கிறோம் என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு ஆய்வுகள் தரும் விடை நுட்பமானது. 54 ஆய்வுகளையும் 1,70,000-க்கும் அதிகமான வாசகர்களையும் தொகுத்து 2018-ல் வெளியான பகுப்பாய்வின்படி, தகவல் நிறைந்த உரைகளைத் தாளில் படிப்பவர்கள் கூடுதலாகப் புரிந்துகொள்கிறார்கள். கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. ஆகவே பாடநூலையும் ஆவணத்தையும் தாளில் படிப்பது நல்லது. நாவலைக் கிண்டிலில் படித்தால் குறையொன்றுமில்லை. நம் விவாதம் கருவியைப் பற்றியதல்ல. அடுத்து என்ன என்பதை வாசிப்பவர் தீர்மானிக்கிறாரா, நிறுவனத்தின் கணக்கீடு தீர்மானிக்கிறதா என்பதைப் பற்றியது.

புதிய ஊடகம் எது வந்தாலும் பெரியவர்கள் பதறத்தானே செய்வார்கள் என்பது இரண்டாவது கேள்வி. நாவல் படித்தால் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சினிமாவையும் தொலைக்காட்சியையும் பற்றி அதேபோலச் சொன்னார்கள். இந்த நினைவூட்டல் தேவையானது, பதற்றம் கூடாது. ஆனால் நாவலுக்குக் கடைசிப் பக்கம் இருந்தது, படம் இரண்டரை மணி நேரத்தில் முடிந்தது, சீரியலும் அன்றைய பகுதியோடு நின்றது. பார்ப்பவரின் ஒவ்வொரு தயக்கத்தையும் அளந்து, அதற்கேற்ப அடுத்ததை அவருக்கென்றே தேர்ந்து கொடுக்கும் ஊடகம் முன்பு இருந்ததில்லை.

மூன்றாவது கேள்விக்குத்தான் அதிக மரியாதை தர வேண்டும். பத்து மணி நேரம் வேலை பார்த்துவிட்டு, இரண்டு பேருந்து மாறி வீடு வந்து, சமைத்து, பாத்திரம் கழுவி உட்காரும் பெண்ணிடம் புத்தகம் படிக்கச் சொல்வது கொடுமையில்லையா? கனமான நூல்தான் வாசிப்பு என்று நினைத்தால் கொடுமைதான். அந்த எண்ணமே தவறு. பேருந்து நிலையக் கடைகளில் தொங்கிய மாத நாவல்களைப் படித்து வளர்ந்த லட்சக்கணக்கானவர்கள் களைப்போடுதான் படித்தார்கள். களைப்பு தீரவே படித்தார்கள். வாசிப்பு இன்னொரு கடமையாகிவிட்டால் ரீல்ஸ்தான் வெல்லும். மேலும், சமூக ஊடகம் முழுவதும் தீமை என்று யாரும் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டில் இருக்கும் கணவரோடு பேசுவதும், வீட்டிலிருந்தே புடவை விற்பதும், கணக்குப் பாடம் கற்பதும் அதில்தான் நடக்கின்றன. ஒரு வேலைக்காகப் போனைத் திறந்து, வேலை முடிந்ததும் மூடுவது பயன்பாடு. எதற்குத் திறந்தோம் என்பதே மறந்துபோகும் அளவுக்கு உள்ளே தங்கிவிடுவதைத்தான் குறைக்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே

பொறுப்பு முழுவதையும் தனிமனிதர் தலையில் சுமத்துவதும் சரியல்ல. நிறுவனங்களைக் கட்டுப்படுத்தும் சட்டங்கள் தேவை. ஆஸ்திரேலியா ஒரு வழியைத் தேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் 2023-ல் மெட்டா நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தன. இந்த முயற்சிகள் நடக்கட்டும். ஆனால் தடை, விட்டுவிடச் சொல்லும் வேலையை மட்டுமே செய்யும். நிரப்பும் வேலையைச் சமூகம்தான் செய்ய வேண்டும்.

அதற்கான அடித்தளம் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில் வந்தது. இன்று தமிழ்நாட்டில் 4,500-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் சேர்த்தே கட்டுகிறோம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகத்தையும், 2023-ல் திறக்கப்பட்ட மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் கண்டு பெருமைப்படுகிறோம், அதில் தவறில்லை. பழக்கம் உருவாவதோ தெருவுக்குப் பக்கத்தில் இருக்கும் கிளை நூலகத்தில். அது பகுதி நேர நூலகமாகச் சில மணி நேரமே திறந்திருந்தால், வேலைக்குப் போகிறவருக்கும் பள்ளி முடிந்து வரும் பிள்ளைக்கும் அது இல்லாததற்குச் சமம். திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டுவதும், புதிய நூல்களைத் தவறாமல் வாங்குவதும், நூலகர் பணியிடங்களை நிரப்புவதும் பெரிய கட்டடங்களைவிட அவசரமானவை. அரசுப் பள்ளிகளில் 2023-ல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், நுழை, நட, ஓடு, பற என்று குழந்தையின் நிலைக்கேற்பச் சிறு நூல்களைக் கொடுத்தது. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாமல் படிக்க ஒரு பாடவேளை என்பது எல்லாப் பள்ளிகளுக்கும் நிலையான உரிமையாக வேண்டும்.

சிறிய இடங்களுக்கும் இதில் பங்குண்டு. மருத்துவமனையின் காத்திருப்பு அறை, பேருந்து நிலையம், ரேஷன் கடை, அடுக்குமாடிக் குடியிருப்பின் வாயில், தொழிற்சாலை கேன்டீன் என்று எங்கெல்லாம் மனிதர்கள் காத்திருக்கிறார்களோ, அங்கெல்லாம் ஓர் அடுக்கு புத்தகம் வைக்க முடியும். சில புத்தகங்கள் தொலைந்துபோகும். தொலைந்த புத்தகமும் யாரோ ஒருவர் வீட்டில்தான் இருக்கும். பெற்றோர் பிள்ளையிடம் "போனை வை" என்று சொல்வதற்கு முன், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் வீட்டில் எல்லோர் கையிலும் புத்தகம் இருக்குமாறு செய்யலாம். பிள்ளைகள் நம் சொல்லைவிட நம் கையில் இருப்பதையே பார்க்கிறார்கள்.

'பொன்னியின் செல்வன்' திரைப்படம் 2022-ல் வந்தபோது, இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டும் அந்த ஐந்து பாக நாவலை வாங்கிப் படித்தவர்களில் இளைஞர்கள் ஏராளம். நீண்ட வாசிப்புக்கு இந்தத் தலைமுறைக்குத் திராணி இல்லை என்ற புலம்பலுக்கு அதுவே பதில். திராணி இருக்கிறது, ஆர்வமும் இருக்கிறது. அவர்களின் நேரத்துக்குப் போட்டி போடும் நிறுவனங்கள் இரவு பகலாக உழைக்கின்றன. வாசிப்பின் பக்கம் நிற்கும் நாமும் அதே முனைப்போடு உழைக்க வேண்டும். நூலக நேரத்தைக் கூட்டச் சொல்லி உள்ளாட்சி உறுப்பினரிடம் மனுக் கொடுப்பதில் தொடங்கலாம். படுக்கையறையிலிருந்து சார்ஜரை வெளியே எடுப்பதிலும் தொடங்கலாம். முதலாவதற்குச் சில மாதம் ஆகும். இரண்டாவதை இன்றிரவே செய்துவிடலாம்.